மூன்றாம் ஷிஃப்டும் அசையாத சார்ட்டும்

டாஷ்போர்டு செய்து கொடுப்பது என் தொழில். அம்பர்நாத்தில் இதற்கு ஆள் தேவைப்படும் என்று ஒரு காலத்தில் யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். 1060-ஆம் ஆண்டுச் சிவன் கோயில், ஆயுதத் தொழிற்சாலை, விம்கோ தீப்பெட்டி என்று சொன்னால் ஊரைச் சொல்லி முடித்துவிட்டதாகப் பொருள். ஆனால் ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஆனந்த் நகர் எம்ஐடிசி தொழிற்பேட்டைக்குள் போனால் மருந்துக்கான மூலப்பொருள், சாயம், ரசாயனம், இயந்திர உதிரிபாகம் என்று தெருத்தெருவாகக் கம்பெனிகள். ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வொரு டிபார்ட்மென்டிலும் ஒருவர் எக்செல் ஷீட் ஒன்றை வைத்துக்கொண்டு தினமும் நிரப்பிக்கொண்டிருக்கிறார். அதையெல்லாம் முதலாளியும் பிளான்ட் ஹெட்டும் ஒரே திரையில் பார்க்கவேண்டும் என்றால் என்னைப் போன்றவர்களைக் கூப்பிடுகிறார்கள்.

இந்த வேலையில் நான் அதிக நேரம் செலவிடுவது சார்ட் வரைவதில் அல்ல. திரையின் மேலே மாதம், ஷிஃப்ட், மெஷின் என்று ஃபில்டர்கள் இருக்கும். ஒருவர் அதில் ஒன்றைத் தொட்டதும் கீழே இருக்கும் சார்ட்டுகளில் எது மாறவேண்டும், எது மாறாமல் நிற்கவேண்டும்? இதை ஒவ்வொரு சார்ட்டுக்கும் தனித்தனியாக முடிவு செய்வதில்தான் நேரம் போகிறது. வாடிக்கையாளர்கள் இதைக் கேட்பதே இல்லை. கலர் கேட்பார்கள், லோகோ எங்கே வரும் என்று கேட்பார்கள். ஃபில்டர் எதுவரை போகும் என்று கேட்பவர் அபூர்வம். கேட்காவிட்டாலும் செய்யவேண்டிய வேலை அது. அதில்தான் அந்தத் திரை சொல்வது உண்மையா இல்லையா என்பது முடிவாகிறது.

மென்பொருள்கள் இதை நமக்காக முடிவு செய்துவைத்திருக்கின்றன. பவர் பிஐயில் ஸ்லைசர் என்ற ஃபில்டரை வைத்தால் அந்தப் பக்கத்தில் இருக்கும் சார்ட் எல்லாம் அதற்குக் கட்டுப்படும். லுக்கர் ஸ்டூடியோவும் சூப்பர்செட்டும் அப்படித்தான் தொடங்குகின்றன. எக்செல்லிலும் டேப்லோவிலும் தலைகீழ்: எந்தப் பைவட் டேபிளிலிருந்து, எந்த ஷீட்டிலிருந்து ஃபில்டரை எடுத்தோமோ அது மட்டுமே மாறும். எல்லாம் மாறுவதும் ஒன்று மட்டும் மாறுவதும் செய்தவருக்கு வசதியான தொடக்கங்கள். தொழிற்சாலையின் கேள்வி இரண்டிலும் இல்லை.

உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே ஏற்கெனவே ஒருவர் செய்துவைத்துப் போன பக்கம் இருந்தது. பார்க்க அழகாகவே இருந்தது. பிளான்ட் ஹெட் மராட்டிக்காரர். ஹிந்தியும் மராட்டியுமாகப் பேசுவார். அவர் பக்கத்தில் குவாலிட்டி பார்க்கும் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், தாராவியில் பிறந்து வளர்ந்தவர். வீட்டு வாடகைக்காகவும் பிள்ளைகள் படிக்க ஓர் அறை வேண்டும் என்பதற்காகவும் கல்யாண், உல்லாஸ்நகர், அம்பர்நாத் என்று நகர்ந்து வந்த தமிழ்க் குடும்பங்களில் ஒன்று அவருடையது.

பிளான்ட் ஹெட் ஷிஃப்ட் ஃபில்டரில் மூன்றாம் ஷிஃப்டைத் தேர்ந்தார். திரை முழுவதும் மாறியது. எந்த ஷிஃப்டில் எவ்வளவு ரிஜெக்‌ஷன் என்று பங்கு காட்டிய வட்டம் ஒரே நிறமாகி நூறு சதவீதம் என்றது. உற்பத்தி சார்ட்டில் பட்டை சுருங்கியது, ஆனால் இலக்குக் கோடு முழுப் பிளான்ட்டுக்கானதாக மேலேயே நின்றது. மெஷின் பிரேக்டவுன் சார்ட் பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டது.

அண்ணாச்சி திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “என்ன தம்பி இது? ரிஜெக்‌ஷன் பூராவும் மூணாவது ஷிஃப்டுக்காரன்தான் போடுதான்னு காட்டுது. டார்கெட்ல மூணுல ஒரு பங்குகூட அவன் செய்யலன்னும் காட்டுது. மெஷினும் ஒருநாளும் நிக்கலியாம். இதப் பாத்தா அந்தப் பயலுவள வேலைய விட்டு அனுப்பச் சொல்லுவாவல்லா?”

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. மூன்றாம் ஷிஃப்டில் இருந்தவர்கள் பெரும்பாலும் கான்ட்ராக்ட் ஆட்கள். அவர்களைப் பற்றி இந்தத் திரை சொல்வதுதான் மேலிடத்துக்குத் தெரியப்போகும் ஒரே செய்தி.

மூன்று சார்ட்டுகளும் கெட்டது மூன்று வெவ்வேறு காரணங்களால். ஷிஃப்ட் வாரியான பங்கைக் காட்டும் சார்ட்டுக்கு ஷிஃப்ட் ஃபில்டரே சேரக்கூடாது. மூன்று ஷிஃப்டையும் ஒப்பிடுவதுதான் அதன் வேலை. இரண்டை எடுத்துவிட்டால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. உற்பத்தி சார்ட்டில் பட்டை ஃபில்டருக்குக் கட்டுப்பட்டது, இலக்குக் கோடு கட்டுப்படவில்லை. ஏனென்றால் இலக்கு ஷீட்டில் ஷிஃப்ட் என்ற பத்தியே கிடையாது, மாதத்துக்கு ஒரு எண்தான். பிரேக்டவுன் சார்ட்டில் நடந்தது வேறு. மெயின்டனன்ஸ் ஆட்கள் தேதியும் மெஷின் நம்பரும் மட்டுமே எழுதிவந்தார்கள். ஷிஃப்ட் பத்தியைப் பெயருக்குச் சேர்த்து, எல்லா வரிகளிலும் காலியாக விட்டிருந்தார்கள். மூன்றாம் ஷிஃப்ட் என்று தேடினால் ஒரு வரியும் அகப்படாது. அகப்படாததைத் திரை பூஜ்யமாகக் காட்டியது. தகவல் இல்லாத இடத்தில் கோளாறு இல்லை என்று எழுதிவைத்த மாதிரி ஆகிவிட்டது. இந்த மூன்றில் எனக்கு மிகவும் கவலை தந்தது இதுதான். நூறு சதவீத வட்டத்தைப் பார்த்தால் ஏதோ தப்பு என்று யாருக்கும் தோன்றும். பூஜ்யத்தைப் பார்த்தால் தோன்றாது.

இந்த வேலையை நான் கம்ப்யூட்டரில் தொடங்குவதில்லை. ஒரு பெரிய தாளில் கட்டம் போடுவேன். மேலே ஃபில்டர்கள், பக்கவாட்டில் சார்ட்டுகள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று பதில்களில் ஒன்று: கட்டுப்படும், கட்டுப்படாது, கட்டுப்பட வேண்டும் ஆனால் அதற்கான தகவல் இல்லை. மூன்றாவது பதில் விழும் கட்டங்களைச் சிவப்பில் வட்டமிடுவேன். அந்தத் தாளோடு சார்ட்டுக்கு உரியவர்களிடம் போய் உட்கார்ந்து, இந்தச் சார்ட்டைப் பார்த்து நீங்கள் என்ன முடிவெடுப்பீர்கள் என்று கேட்பேன். பதில் வந்துவிட்டால் கட்டம் தானாக நிரம்பிவிடும். பதில் வராத சார்ட்டும் சில இருக்கும். அதைப் பக்கத்திலிருந்தே எடுத்துவிடச் சொல்வேன்.

தாளில் முடிந்ததை மென்பொருளில் போடுவது சிறிய வேலை. பவர் பிஐயில் ஸ்லைசரைத் தேர்ந்துகொண்டு ஃபார்மட் மெனுவில் ‘எடிட் இன்டராக்‌ஷன்ஸ்’ என்பதை அழுத்தினால், மற்ற ஒவ்வொரு சார்ட்டின் மூலையிலும் சின்னக் குறிகள் தோன்றும். புனல் போட்டிருப்பதை அழுத்தினால் அந்தச் சார்ட் கட்டுப்படும், குறுக்குக் கோடு போட்ட வட்டத்தை அழுத்தினால் கட்டுப்படாது. ஸ்லைசர்களோடு இது முடிவதில்லை. ஒரு பட்டையைத் தொட்டாலே மற்ற சார்ட்டுகள் மாறும்படிதான் அந்த மென்பொருள் அமைந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு சார்ட்டையும் தேர்ந்து, அதைத் தொட்டால் எது மாறும் என்பதையும் பார்க்கவேண்டும். பல பக்கங்களில் இந்த இரண்டாவது பாதி செய்யப்படாமலே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

டேப்லோவில் ஃபில்டரின் மெனுவுக்குள் ‘அப்ளை டு ஒர்க்‌ஷீட்ஸ்’ என்று இருக்கும். அதில் ‘செலக்டட் ஒர்க்‌ஷீட்ஸ்’ என்பதைத் திறந்து வேண்டிய ஷீட்டுகளுக்கு டிக் போடவேண்டும். சூப்பர்செட்டில் ஃபில்டரை அமைக்கும் இடத்திலேயே ‘ஸ்கோப்பிங்’ என்ற பகுதி உண்டு. லுக்கர் ஸ்டூடியோவில் ஃபில்டரையும் வேண்டிய சார்ட்டுகளையும் சேர்த்துத் தேர்ந்து ஒரே குரூப்பாக்கிவிட்டால், ஃபில்டர் அந்தக் குரூப்பைத் தாண்டாது. எம்ஐடிசியில் இன்றும் அதிகம் நடமாடுவது எக்செல்தான். 2010 பதிப்பில் ஸ்லைசர் வந்தபிறகு சின்னக் கம்பெனிகள்கூட அதிலேயே டாஷ்போர்டு செய்துகொள்கின்றன. ஸ்லைசரின் மேல் வலது க்ளிக் செய்து ‘ரிப்போர்ட் கனெக்‌ஷன்ஸ்’ போனால் பைவட்டுகளின் பட்டியல் வரும். வேண்டியதற்கு டிக். ஆனால் ஒரே தரவிலிருந்து, எக்செல் அதற்காக எடுத்துவைக்கும் ஒரே நகலிலிருந்து (கேஷ்) வந்த பைவட்டுகள்தாம் அந்தப் பட்டியலில் தெரியும். தனித்தனியாகச் செய்த பைவட் வராது. வரவில்லையே என்று எக்செல்லைத் திட்டுபவர்களிடம் நான் சொல்வது, தரவை முதலில் ஒன்றாக்குங்கள் என்பதுதான்.

கல்யாணில் ரயில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கசாராவுக்கு, இன்னொன்று உல்லாஸ்நகர், அம்பர்நாத், பத்லாபூர் வழியாகக் கர்ஜத்துக்கு. அங்கே ஒரு பாயிண்ட்டை மாற்றினால் அதற்குரிய வண்டிதான் திரும்பும். புதிதாக வேலை கற்கும் பிள்ளைகளுக்கு ஃபில்டர் எதுவரை போகலாம் என்பதை அந்தப் பாயிண்ட்டைக் காட்டித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். தினமும் லோக்கலில் வருகிறவர்கள் என்பதால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

அசையாமல் நிற்கவேண்டிய சார்ட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். பென் ஷ்னைடர்மன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1990-களின் தொடக்கத்திலேயே, திரையில் ஒரு பட்டையை இழுத்தால் புள்ளிகள் உடனுக்குடன் வடிகட்டப்படும் முறையை மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் தன் குழுவோடு செய்து காட்டினார். முதலில் முழுக் காட்சி, பிறகு நெருங்கிப் பார்ப்பதும் வடிகட்டுவதும், கேட்டால் மட்டும் விவரம் என்ற வரிசையை 1996-இல் அவர் எழுதினார். இந்தத் தொழிலில் இருக்கும் யாரும் அதைக் கேள்விப்பட்டிருப்பார்கள். நான் அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன்: வடிகட்டிய பிறகும் முழுக் காட்சி திரையின் ஒரு மூலையில் இருக்கவேண்டும். எதிலிருந்து வடிகட்டினோம் என்பது கண்ணில் படாவிட்டால், வடிகட்டியதே முழுமை என்று மனம் எடுத்துக்கொள்ளும்.

மழையை வைத்து இதை விளக்குவது எனக்கு எளிது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. அதே நாளில் தெற்கே கொலாபா நிலையத்தில் பதிவானது சுமார் 73 மில்லிமீட்டர். இரண்டும் மும்பைதான். ஒரு மழை டாஷ்போர்டில் நிலையம் என்ற ஃபில்டரில் கொலாபாவை மட்டும் தேர்ந்தவருக்கு அன்று ஒரு சாதாரண மழைநாள். நாள்வாரிக் கோட்டுச் சித்திரம் அந்த ஃபில்டருக்குக் கட்டுப்படட்டும். பக்கத்தில் எல்லா நிலையங்களையும் காட்டும் சிறிய சார்ட் கட்டுப்படாமல் நிற்கட்டும். தேர்ந்த நிலையத்தை மட்டும் அதில் அடர்ந்த நிறத்தில் காட்டினால் போதும். நம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்த இரண்டு நிலையங்களுமே போதாது. 2019 ஜூலை 27 அன்று உல்லாஸ் ஆறு பெருகி, பத்லாபூருக்கும் வாங்கணிக்கும் இடையில் மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளோடு வெள்ளத்தில் நின்றது. அன்று ஆட்கள் வேலைக்கு வராததை ஒரு கம்பெனி புரிந்துகொள்ள வேண்டுமானால் பத்லாபூர் மழை வேண்டும், சாந்தாகுரூஸ் மழை அல்ல.

அந்த உதிரிபாகக் கம்பெனியின் வருகைப் பக்கத்தில் மழை சார்ட்டையும் வைத்தோம். டிபார்ட்மென்ட் ஃபில்டர் வருகை சார்ட்டுக்கு மட்டும், மாத ஃபில்டர் இரண்டுக்கும். மழைக்கு டிபார்ட்மென்ட் கிடையாது என்பது சொல்லவே தேவையில்லாதது போலிருக்கும். ஆனால் மென்பொருளுக்கு அது தெரியாது.

பெயர் ஒன்றாக இருந்து எல்லை வேறாக இருப்பது தனி ஆபத்து. கோவிட் காலத்தில் அம்பர்நாத்தில் இருந்தவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். மாநில அரசின் தினசரி அறிக்கையில் தாணே என்று ஒரு வரி, தாணே மாநகராட்சி என்று இன்னொரு வரி. கல்யாண்-டோம்பிவலி, உல்லாஸ்நகர், நவி மும்பை ஆகியவற்றுக்கும் தனி வரிகள். அம்பர்நாத் நகராட்சி என்பதால் மாநகராட்சி வரிகளுக்குள் வராது. மாவட்டத்தின் மீதியைச் சொல்லும் தாணே வரிக்குள்தான் எங்கள் எண்ணிக்கை. தன்னார்வலர்கள் 2020 மார்ச் முதல் 2021 அக்டோபர் 31 வரை நடத்திய கோவிட்19இந்தியா தளத்தில் தாணே என்றால் மொத்த மாவட்டம். இந்த இரண்டு தரவையும் ஒரே பக்கத்தில் வைத்து, மேலே ஒரே ஃபில்டரில் தாணே என்று போட்டால், பெயர் பொருந்திவிடும். ஒரு சார்ட் மாவட்டத்தின் மீதியைக் காட்டும், அடுத்தது முழு மாவட்டத்தைக் காட்டும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. இப்படிப்பட்ட இடத்தில் ஃபில்டரை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய சார்ட்டின் தலைக்குமேல் வைப்பதுதான் சரி.

தாராவியில் இது நல்லவிதமாகவே நடந்தது. மும்பையின் ஜி வடக்கு வார்டில் தாராவி, தாதர், மாஹிம் மூன்றும் அடக்கம். 2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் நோயாளி கண்டறியப்பட்ட பிறகு, அந்த வார்டின் எண்ணிக்கையை மூன்று பகுதிகளாகப் பிரித்தே தினமும் சொன்னார்கள். அதனால்தான் ஜூலையில் தாராவியில் புதிய நோயாளிகள் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியதும், டிசம்பர் 25 அன்று ஒருவருக்குக்கூடப் புதிதாக வரவில்லை என்பதும் உலகத்துக்குத் தெரிந்தது. வார்டு என்ற ஒரே ஃபில்டர் இருந்து, அதற்குள் பகுதி இல்லாமல் போயிருந்தால், தாராவியில் வீடு வீடாக ஏறி இறங்கியவர்களின் உழைப்பு மற்ற இரண்டு பகுதிகளின் எண்ணிக்கைக்குள் கரைந்து போயிருக்கும். தாராவியில் உறவினர் இல்லாத தமிழ்க் குடும்பம் எங்கள் பக்கத்தில் குறைவு. அந்த மாதங்களில் அந்த ஒரு எண்ணுக்காகத்தான் எல்லோரும் மாலை வேளையில் காத்திருந்தோம்.

தேதி ஃபில்டரில் இன்னொரு சிக்கல். அதே 2020-இல், ஜூன் 16 அன்று, மகாராஷ்டிரம் முன்பு விடுபட்ட 1,328 மரணங்களைக் கணக்கில் சேர்த்தது. அவை அன்று நடந்த மரணங்கள் அல்ல. அறிவித்த தேதியை வைத்து வடிகட்டினால் ஒரே நாளில் அவ்வளவு உயரமான பட்டை. நடந்த தேதியை வைத்து வடிகட்டினால் பட்டைகள் முந்தைய வாரங்களுக்குப் பரவும். இரண்டு சார்ட்டும் தேவைதான். ஆனால் மேலே இருக்கும் ஒரே தேதி ஃபில்டர் எந்தச் சார்ட்டில் எந்தத் தேதியைப் பிடித்திருக்கிறது என்று எழுதியிருக்கவேண்டும்.

தொழிற்சாலையில் இது அன்றாட விஷயம். ஜூனில் செய்த உதிரிபாகத்துக்கு ஆகஸ்டில் வாடிக்கையாளரிடமிருந்து புகார் வரும். உற்பத்தித் தேதி, அனுப்பிய தேதி, புகார் தேதி என்று மூன்று. பிளான்ட் ஹெட் ஆகஸ்ட் என்று தேர்ந்தால் அவர் எதைக் கேட்கிறார்? ஆகஸ்டில் வந்த புகார்களுக்குப் பதில் எழுத வேண்டியவர் அவற்றைப் புகார் தேதியில் பார்க்கவேண்டும். எந்த மாத வேலை மோசம் என்று பார்ப்பவர் உற்பத்தித் தேதியில் பார்க்கவேண்டும். அப்படிப் பார்க்கும்போது ஆகஸ்ட் எப்போதும் நன்றாகத்தான் தெரியும், புகார்கள் இன்னும் வந்து சேரவில்லை என்பதால். அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது, “அப்ப கடைசி ரெண்டு மாசத்த மங்கலா காட்டுங்க தம்பி, இன்னும் முழுசா வரலன்னு” என்றார். அப்படியே செய்தோம். குவாலிட்டி வேலையில் பழுத்தவரிடமிருந்துதான் அந்த மாதிரி யோசனை வரும்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிது.

பிளான்ட் ஹெட் பார்க்கும் திரையில் விபத்துச் சார்ட் ஒன்றும் இருந்தது. அது எந்த ஃபில்டருக்கும் கட்டுப்படாமல் தனியாக நின்றது. விசாரித்தபோது, அது சேஃப்டி டிபார்ட்மென்ட் விஷயம், உற்பத்தியோடு கலக்கவேண்டாம் என்று சொன்னார்கள். எப்போதும் முழுப் பிளான்ட்டுக்கான ஒரு சின்ன எண். அதைப் பார்த்து யாரும் கவலைப்பட மாட்டார்கள். அந்த எண்ணுக்குள் எந்த ஷிஃப்ட், யார், எந்த மெஷின் என்று கேட்க வழி இல்லை. ஒரு ஃபில்டரை ஒரு சார்ட்டோடு இணைக்காமல் விடுவது நடுநிலையான செயல் அல்ல என்பதை அங்கே நின்றுதான் முழுமையாக உணர்ந்தேன். ஷிஃப்ட் வாரியான பங்கு சார்ட்டை ஃபில்டரிலிருந்து காப்பாற்றியதும் நியாயத்துக்காக. விபத்துச் சார்ட்டை ஃபில்டருக்குள் கொண்டுவரச் சொன்னதும் நியாயத்துக்காக.

கொண்டுவருவது என்றால் வெறும் டிக் போடுவது அல்ல. விபத்து வீதம் என்பது ஒரு பின்னம். இந்தியத் தரமான ஐஎஸ் 3786 பத்து லட்சம் மனித மணி நேரத்துக்கு இத்தனை என்று கணக்கிடச் சொல்கிறது. அமெரிக்காவில் இரண்டு லட்சம் மணி நேரத்துக்கு. மேலே விபத்துகள், கீழே வேலை செய்த மணி நேரம். விபத்துப் பதிவேட்டில் ஷிஃப்ட் எழுதியிருக்கிறார்கள். ஆனால் மணி நேரம் சம்பள ஷீட்டிலிருந்து வருகிறது, அதிலும் கான்ட்ராக்டர் கொடுக்கும் மஸ்டர் என்ற வருகைப் பதிவேட்டில் மாதத்துக்கு ஒரே எண். இங்கே ஃபில்டர் மேல் எண்ணை மட்டும் பிடிக்கும், கீழ் எண்ணைத் தொடாது.

கணக்குக்காக ஒன்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் 12 விபத்து, 5 லட்சம் மணி நேரம். வீதம் 24. மூன்றாம் ஷிஃப்டில் 6 விபத்து, அவர்கள் உழைத்தது 1 லட்சம் மணி நேரம். உண்மையான வீதம் 60. பிளான்ட் சராசரியைப் போல இரண்டரை மடங்கு. ஆனால் கீழ் எண் 5 லட்சமாகவே நின்றுவிட்டால் திரையில் வருவது 12. சராசரியில் பாதி. இராத்திரி வேலைதான் பத்திரமானது என்று திரை சொல்லும். ஆபத்து அதிகமான இடத்தை ஆபத்து குறைவான இடமாகக் காட்டிவிடும், அதுவும் எந்த எண்ணும் பொய்யில்லாமல்.

எல்லா வகுத்தலுக்கும் இதே விதி அல்ல. உற்பத்தியில் பிளான்ட்டின் மொத்தத்தில் மூன்றாம் ஷிஃப்டின் பங்கு எவ்வளவு என்று கேட்டால், மேல் எண் ஃபில்டருக்குக் கட்டுப்படவேண்டும், கீழ் எண் கட்டுப்படக்கூடாது. பவர் பிஐயில் அதற்காகத்தான் ‘ரிமூவ்ஃபில்டர்ஸ்’ போன்ற சூத்திரங்கள் இருக்கின்றன. டேப்லோவில் 2015-இல் வந்த ‘ஃபிக்ஸ்டு’ கணக்குகளும் அதற்கே. விபத்து வீதத்திலோ இரண்டும் கட்டுப்படவேண்டும். இரண்டுமே வகுத்தல்தான், திரையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஃபில்டரை எந்தச் சார்ட்டோடு இணைப்பது என்பதற்குப் பின்னால், சார்ட்டுக்குள் எந்த எண்ணோடு இணைப்பது என்ற கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில் மென்பொருளின் மெனுவில் கிடைக்காது.

பிளான்ட் ஹெட்டிடம் 24, 60, 12 என்ற மூன்று எண்களையும் தாளில் எழுதிக் காட்டினேன். அவர் நல்ல மனிதர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “பாவூ, மஸ்டர் ஷிஃப்ட் வாரியாக வரவேண்டும், அவ்வளவுதானே?” என்று ஹிந்தியில் கேட்டார். கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுப் பேசினார். கேட்டில் பதிவாகும் நேரத்திலிருந்தே அதை எடுக்கலாம் என்று பிறகு தெரிந்தது. ஷிஃப்ட் வாரி மணி நேரம் கிடைக்கும்வரை விபத்து வீதச் சார்ட்டை ஷிஃப்ட் ஃபில்டரோடு இணைக்கவில்லை. விபத்துகளின் எண்ணிக்கையை மட்டும் தனிச் சார்ட்டாக்கி இணைத்தோம். முதலுதவிப் புத்தகத்தில் எழுதும் சின்னக் காயங்களையும் அதில் சேர்க்கவேண்டும் என்று அண்ணாச்சி பிடிவாதமாக நின்றார். சட்டம், ஒருவரை 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்யவிடாமல் ஆக்கும் காயத்தை அறிவிக்கச் சொல்கிறது. விரல் நசுங்கிக் கட்டுப்போட்டுக்கொண்டு மறுநாள் இராத்திரியே வந்து நிற்பவன் அந்தக் கணக்கில் வரமாட்டான்.

மணி நேரம் வந்து சேர்ந்த பிறகு இன்னொரு விஷயம் தலைகாட்டியது. மூன்றாம் ஷிஃப்ட் இராத்திரி 11 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 7 மணிக்கு முடிகிறது. ஜூன் 30 இராத்திரி வேலைக்கு வந்தவருக்கு அதிகாலை இரண்டு மணிக்கு அடிபட்டால், பதிவேட்டில் தேதி ஜூலை 1. அவருடைய வருகையோ ஜூன் 30-இல். மாத ஃபில்டரில் ஜூன் என்று போட்டால் உழைப்பு உள்ளே, காயம் வெளியே. மற்ற இரண்டு ஷிஃப்டுக்கும் இந்தத் தொல்லை இல்லை, இராத்திரிக்காரர்களுக்கு மட்டும்தான். காலை 7 மணிக்குத் தொடங்கும் ‘உற்பத்தி நாள்’ என்று ஒரு பத்தியை எல்லாத் தரவிலும் சேர்த்து, தேதி ஃபில்டரை அதோடு மட்டும் இணைத்தோம். நேரத்திலிருந்து ஏழு மணி நேரம் கழித்துவிட்டுத் தேதியை எடுத்தால் ஆயிற்று.

இப்போது அந்தப் பக்கத்தில் ஷிஃப்ட் ஃபில்டர் திரையின் உச்சியில் இல்லை. அது கட்டுப்படுத்தும் சார்ட்டுகளைச் சுற்றி மெல்லிய சட்டம் போட்டு, அதற்குள் வைத்திருக்கிறோம். சட்டத்துக்கு வெளியே இருப்பவற்றின் தலைப்பில் ‘எல்லா ஷிஃப்டும்’ என்று எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பவற்றின் தலைப்பில் எந்த ஷிஃப்டைத் தேர்ந்தாலும் அதன் பெயர் தானாக வரும். யாராவது திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால்கூட, அந்தச் சார்ட் எதைப் பற்றியது என்பது படத்திலேயே இருக்கும். எம்ஐடிசியில் பாதி முடிவுகள் அப்படி அனுப்பிய படங்களை வைத்துத்தான் எடுக்கப்படுகின்றன.

பிரேக்டவுன் சார்ட் இன்னும் சட்டத்துக்கு வெளியேதான் இருக்கிறது. மெஷின் நின்ற மணியையும் எழுதுங்கள் என்று மெயின்டனன்ஸ் ஃபிட்டர்களிடம் அண்ணாச்சி சொல்லிக்கொண்டே இருக்கிறார். பகல் ஷிஃப்டில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். இராத்திரியில் ஒரே ஃபிட்டர், மூன்று பக்கமும் ஓடவேண்டியவர், அவருக்கு எழுத நேரம் கிடைப்பதில்லை. மெஷின் பக்கத்திலேயே ஒரு பட்டன் வைத்து, நின்றதும் அழுத்தினால் மணி பதிவாகும்படி செய்யலாமா என்று விலை கேட்டிருக்கிறோம். அதுவரை அந்தச் சார்ட்டின் கீழே ‘இதில் ஷிஃப்ட் விவரம் பதிவாகவில்லை’ என்ற வரி இருக்கும். அதை எடுத்துவிட்டால் பக்கம் சுத்தமாக இருக்குமே என்று கேட்டார்கள். எடுக்கவில்லை.